அந்நிய மண்ணில் முதுமை

(ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய மாணவி)



2021 ஒக்ரோபரில் கனடாவிலிருந்து நான் ஊர் திரும்பியபோது, கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “அம்மா எப்படி இருக்கிறா? மகனோட, பேரப்பிள்ளைகளோட வீட்டுக்குள்ளே பாதுகாப்பா இருந்திருப்பா, என்ன?” நானும் “ஓம், ஓம்” என்று தலையசைத்தேன். அது பொய்யன்று. கொரோனா என்னும் அக்கொடிய நோய் அம்மாவைத் தொடவில்லை. ஆனால் அந்த “ஓம்” என் தொண்டையில் இன்றும் சிக்கிக்கொண்டிருக்கிறது. பாடசாலை மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அதிபர் அவர்கள் கேட்டபோது, அதனை இங்கே எழுதித் தீர்க்கலாமென்று எண்ணினேன்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் முதியோரைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றினோம் என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. உயிரைக் காப்பாற்றினோம். அவர்களுக்கென்று அந்நாட்டில் இருந்த சிறியதொரு வாழ்வு அந்த நாட்களில் பறிபோனதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

நான் அங்கே போனதே ஒரு தற்செயல். 2020 தொடக்கத்தில் சேவையிலிருந்து இளைப்பாறிய கையோடு, பெப்ரவரியில் ரொறன்ரோ நகரின் ஸ்காபறோப் பகுதியிலுள்ள தம்பி வீட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். பனிக்காலம் முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்புவதாக எண்ணம். மார்ச் 11இல் உலக சுகாதார நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 17இல் ஒன்ராறியோ மாகாணம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. மார்ச் 19இல் கட்டுநாயக்காவுக்கு வரும் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. விருந்தாளியாகப் போனவள் விசாவை நீடித்து நீடித்து இருபது மாதங்கள் அவ்வீட்டில் ஏழாவது ஆளாக இருந்தேன்.

அங்குள்ள எங்கள் முதியோர் எவ்வாறு அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1983 ஆடிக் கலவரத்தின் பின் இளைஞர்கள் புறப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கனடிய மீனவர்கள் மீட்ட செய்தியை உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகள் வேரூன்றிய பின்னரே பெற்றோர் அழைக்கப்பட்டனர். ஆகவே இளமையில் புலம்பெயர்ந்தவர் வேறு, அறுபதுக்கும் எழுபதுக்கும் மேல் புலம்பெயர்ந்தவர் வேறு. முன்னவர் அந்நாட்டின் மொழியைத் தொழிலிடத்தில் கற்றார். பின்னவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அம்மா 2007இல் தம்பியின் பொறுப்பில் போனவர். பொறுப்பு என்றால் வெறும் வாய்ப்பேச்சன்று. தாய் தந்தையரை அழைக்கும் பிள்ளை, அவர்களுடைய செலவுகளைத் தானே ஏற்பதாக அரசாங்கத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். அம்மா போன காலத்தில் அது பத்து ஆண்டுகளுக்கு. 2014 முதல் இருபது ஆண்டுகளுக்கு. முதியோருக்கான அரசாங்க ஓய்வூதியமும் அந்நாட்டில் பத்து ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே கிடைக்கும். முழுத்தொகைக்கு நாற்பது ஆண்டுகள் வேண்டும். 2011 டிசெம்பரில் தொடங்கிய மற்றொரு விசாவில் போய் நிற்பவர்களுக்கோ அதுவும் இல்லை. மருத்துவக் காப்புறுதியையும் தாங்களே வாங்கவேண்டும். ஊரில் காணியும் வீடும் வைத்து ஆண்ட ஒரு பெண், அங்கே விமானத்தால் இறங்கிய அன்றே கடதாசியில் மகனது பொறுப்பாகிவிடுகிறாள். மகன் எவ்வளவு நல்லவனாயினும் கடதாசி கடதாசிதானே!

இருந்தும் அம்மா அங்கே தனக்கென்று ஓர் ஊரை உண்டாக்கி வைத்திருந்தார். நான் போன முதல் மூன்று வாரங்களில் அதைக் கண்ணால் கண்டேன். காலையில் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும், சமையலை முடித்துவிட்டு, கம்பளிச் சட்டையின் மேல் பெரிய குளிரங்கி அணிந்து, பஸ் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் புறப்பட்டுவிடுவார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பஸ் இலக்கங்கள் அத்தனையும் மனப்பாடம். “மஞ்சள் பெயின்ற் அடிச்ச கடைக்கு அடுத்த தரிப்பு” என்று அவரிடம் ஒரு தனி வரைபடமே இருந்தது. போகும் இடம், மோல் எனப்படும் பெரிய கடைத்தொகுதி. வாங்குவதற்கு ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் காலாற நடப்பதற்குக் கூரையுள்ள இடம் அதுதான். உணவுக்கடைகளின் நடுவே போடப்பட்ட மேசைகளில் ஒன்று அம்மாவுக்கும் அவருடைய சிநேகிதிகள் ஐந்து பேருக்கும் உரியது. ஒருவர் வடமராட்சி, ஒருவர் முல்லைத்தீவு, ஒருவர் தமிழ்நாட்டுப் பெண்மணி. ஒரு தேநீர் வாங்கி இரண்டாகப் பகிர்ந்துகொண்டு மூன்று மணித்தியாலம் பேசுவார்கள். மருமக்களைப்பற்றிப் பேசியதை நான் இங்கே எழுதமாட்டேன். புதன்கிழமைகளில் நூல்நிலையத்தில் முதியோர் ஒன்றுகூடல். ஞாயிற்றுக்கிழமையில் தமிழ்ப் பூசை.

அம்மாவை அங்கே யாருடைய தாயென்றும் யாரும் அறிமுகம் செய்யவில்லை. அவர் அவராகவே இருந்தார்.

மார்ச் நடுப்பகுதியில் ஒரே வாரத்தில் இவை எல்லாம் மூடப்பட்டன. நூல்நிலையம், கோவில், மோலின் மேசைகள், யாவும். மாத இறுதியில் பூங்காக்களிலுள்ள வாங்குகளில் அமர்வதும் தடைசெய்யப்பட்டது. நடந்து போகலாம், இருக்கக்கூடாது. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இருக்கமுடியாத பூங்காவால் என்ன பயன்?

இனி வீட்டுக்குள் நடந்ததைக் கூறுகிறேன். மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு அது. கடனைக் கட்டுவதற்காக நிலக்கீழ்ப் பகுதி வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அம்மாவும் பன்னிரண்டு வயதுப் பேத்தியும் ஓர் அறை. நான் வந்தபின் மூவர். அவ்வறையே பேத்தியின் வகுப்பறையாயிற்று. 2020 செப்ரெம்பரில் பாடசாலைகள் திறந்தபோதும், வீட்டிலிருந்து கணினி வழியே படிக்கலாம் என்ற வசதியைத் தம்பி தெரிந்தெடுத்தான். அம்மா வீட்டில் இருக்கிறார், பிள்ளைகள் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆகவே காலை எட்டரை முதல் பிற்பகல் மூன்று மணிவரை அம்மா தன் அறைக்குள் போகமுடியாது. சாப்பாட்டு மேசையில் மச்சாள் தலையில் ஒலிவாங்கியைப் பூட்டிக்கொண்டு அலுவலக வேலை செய்வார். ஆகையால் குசினியில் பாத்திரம் சத்தமிடக்கூடாது. இருப்பறையில் மற்ற இரு பேரன்மாரின் வகுப்புக்கள். இரவு வேலை செய்துவிட்டு வந்த தம்பி மேலே உறங்குவான்.

அம்மா எங்கே இருந்தார் தெரியுமா? மாடிப்படியில். கீழிருந்து நான்காவது படியில், கையில் செபமாலையோடு. அவ்விடத்தில் இருந்தால் எந்தக் கணினியின் கண்ணிலும் விழமாட்டார் என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார்.

“உஷ்” என்னும் சொல்லை அம்மா அந்த ஆண்டில் கேட்டதுபோல் தம் வாழ்நாளில் எப்போதும் கேட்டிருக்கமாட்டார். சிறியவர்கள் சொன்னார்கள், பெரியவர்கள் சொன்னார்கள். ஒருநாள் தமிழ் வானொலியைச் சற்று உரக்க வைத்தபோது நானே சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அதட்டும் அதே குரலில் சொல்லிவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் மாணவியரை “உஷ்” என்று அடக்கிய வாய், பழக்கதோஷம் என்று வேண்டுமானால் கூறலாம். அம்மா மறுபேச்சின்றி வானொலியை அணைத்தார். பிறகு பல நாட்கள் அதனைப் போடவே இல்லை.

இத்தனைக்கும் அந்த வீடு அவராலேயே ஓடியது. ஏழு பேருக்கு மூன்று வேளைச் சமையல், பிள்ளைகளுக்கு இடைவேளைச் சிற்றுண்டி, தம்பிக்கு அவன் எழும்பும் நேரத்தில் சுடச்சுடச் சோறு. எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் இவ்வளவும் செய்தார். அவரை “பாதுகாக்கப்படவேண்டியவர்” என்று எல்லோரும் கூறிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் யார் யாரைப் பாதுகாத்தார்?

வெளிநாட்டார் முதியோரை முதியோர் இல்லங்களில் தள்ளிவிடுவர், நாங்கள் அப்படியல்ல என்று அந்நாட்களில் வாய்க்கு வாய் பேசப்பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. முதல் அலையில் கனடாவில் இந்நோயால் இறந்தோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்தவர்கள். ஒன்ராறியோவில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு இராணுவமே அனுப்பப்பட்டது. அங்கே கண்டவற்றை அவர்கள் எழுதிய அறிக்கை 2020 மே மாதம் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. தொலைக்காட்சியில் அதைக் கேட்ட தம்பி, “பாத்தியளே அக்கா” என்றான். அவன் சொன்னது சரியே. எனினும் எங்களிலும் அத்தகைய இல்லங்களில் வாழ்ந்தோர் உண்டு. மறதி நோய் முற்றியவர்கள், படுக்கையில் வீழ்ந்தவர்கள். பார்வையாளர் அனுமதிக்கப்படாதபோது யன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளைகள் கையசைத்தனர். நாள்தோறும் வந்து தமிழில் இரண்டு சொல் பேசும் மகளின் வருகை நின்றால், அந்தத் தாய்க்குத் தமிழும் நின்றது. நோவு எங்கே என்று தாதியிடம் எம்மொழியில் சொல்வாள்?

மேலும், கூட்டுக் குடும்பம் இந்நோய்க்கு வேலியாக இருக்கவில்லை. 2020 யூலையில் ரொறன்ரோ நகரச் சுகாதாரப் பிரிவு வெளியிட்ட கணக்கின்படி, நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் வெள்ளையர் அல்லாத இனத்தவர். நகரின் சனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 52 பேர். இது உடலின் குற்றமன்று. தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் வைத்தியசாலைகளிலும் வீட்டிலிருந்து செய்யமுடியாத வேலைகளைச் செய்தவர்கள் அவர்கள். ஒரு கூரையின் கீழ் பலராக வாழ்ந்தவர்களும் அவர்களே. தம்பி நாள்தோறும் வாகனக் கொட்டிலிலேயே உடுப்பை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். இருந்தும் 2021 சனவரியில் அவனுக்குத் தொற்றியது. மேலறையில் அவன், கீழே நாங்கள். அம்மா சமைத்த சாப்பாட்டை நான் வாசலில் வைத்துவிட்டு வருவேன். கதவுக்கு இப்பால் நின்று அம்மா மகனிடம், “ரசம் குடிச்சியே?” என்று கேட்பார். அவன் இருமலோடு “ஓம்” என்பான். இரண்டு வாரம் இப்படி. அம்மாவுக்குத் தொற்றாதது கடவுள் செயல் என்றுதான் சொல்லவேண்டும். வீட்டின் அமைப்பைப் பார்த்தால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மோல் மேசையின் வடமராட்சி அம்மா 2020 மே மாதத்தில் மாரடைப்பால் காலமானார். மரணச் சடங்கில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அப்போது ஒன்ராறியோச் சட்டம். ஆகையால் நேரலையில் காட்டினார்கள். என் கைத்தொலைபேசியைக் குசினி மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து நானும் அம்மாவும் பார்த்தோம். மச்சாள் வாடிக்கையாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபடியால் சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டோம். சத்தமில்லாத செத்தவீடு! அம்மா அழவில்லை. திரையில் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினார். “பத்துக்கு ஒண்டு குறையுது பிள்ளை. நான் போயிருக்கலாம்” என்றார்.

மாணவியரே, எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போகாமலிருப்பது எவ்வளவு பெரிய குறை என்பதை நீங்கள் அறிவீர்கள். பகையாளியின் வீட்டுக்கும் போவோம். அந்தப் பத்தாம் இடம் அம்மாவுக்கு உரியதென்று எவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் அந்தச் சிநேகிதம் இருந்ததையே இரு வீட்டாரும் அறிந்திருக்கவில்லை. இரு பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களும் மற்றவரிடம் இல்லை. ஆறு பெண்கள் ஆண்டுக்கணக்காகப் பேசிப் பழகியிருந்தார்கள். ஒருவரிடமாவது மற்றவரின் இலக்கம் இல்லை. நாளை அதே மேசையில் காணலாம் என்ற நம்பிக்கையில் இருந்தவர்களுக்கு இலக்கம் எதற்கு?

அன்றிரவு பேத்திதான் ஒரு வழி செய்தாள். தன் பழைய கைத்தொலைபேசியைத் துடைத்து அப்பம்மாவிடம் கொடுத்தாள். எழுத்து வேண்டாம், படம் போதும் என்று ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு படம் வைத்தாள். முல்லைத்தீவு அம்மாவுக்கு ஒரு மீன், தமிழ்நாட்டு அம்மாவுக்கு ஒரு மல்லிகைப்பூ. இலக்கங்களைத் தேடிப் பிடிக்க இரண்டு கிழமை சென்றது. பின்னர் மாலை நான்கு மணிக்கு ஐவரும் ஒரே இணைப்பில் பேசத் தொடங்கினர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாருக்கும் ஒன்றும் கேளாது, ஆனாலும் நிறுத்தமாட்டார்கள். அந்த ஆண்டு கோடையில் வீட்டின் பின்புறம் பாகலும் புடோலும் போட்டது, எந்தக் கொடி முதலில் காய்த்தது என்ற போட்டி எல்லாம் அதிலேதான். நான்கு மணிக்கு அம்மா படியை விட்டு எழுந்து குளிரங்கியைப் போட்டுக்கொண்டு பின் வாசலுக்குப் போய்விடுவார். அங்கே “உஷ்” சொல்ல ஆளில்லை.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. 2021 மார்ச் 15இல் எண்பது வயதுக்கு மேற்பட்டோர் தடுப்பூசிக்குப் பதிவுசெய்ய ஒன்ராறியோவில் வழி திறக்கப்பட்டது. கணினியில் அல்லது தொலைபேசியில் பதியவேண்டும். தம்பி ஒரு மணித்தியாலம் மினைக்கெட்டுப் பதிந்தான். ஊசி போடும் இடத்தில் வழக்கம்போல் அவனே முன்னுக்கு நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பெயர், வயது, நோய்கள், மருந்துகள். அப்போது அங்கே தொண்டராக நின்ற தமிழ்ப்பிள்ளை ஒருத்தி, அவனைத் தாண்டி அம்மாவின் முன்னே குனிந்து, “அம்மா, எந்தக் கையில போடட்டும்?” என்று கேட்டாள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு “இடது கை” என்றார். காரில் வரும்போது, “அந்தப் பிள்ளை என்னட்டையல்லோ கேட்டது” என்று மூன்று முறை சொன்னார்.

பதினான்கு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கு இது புதுமையாக இருந்ததென்றால் அதற்குக் கொள்ளைநோயைக் குறைகூறுவது எவ்வாறு? வைத்தியரிடம் மகன் பேசுகிறான். வங்கியில் மருமகள் பேசுகிறாள். 2017 முதல் மாதாமாதம் வரும் ஓய்வூதியப் பணம் குடும்பக் கணக்கில் விழுகிறது. அதன் தொகை எவ்வளவென்று அம்மாவுக்குத் தெரியாது. நான் கேட்டபின்னரே தம்பிக்கும் அது உறைத்தது. அவன் எடுத்துச் செலவழிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் தம்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இரண்டு வேலை செய்து கடன் கட்டும் ஒருவன், இரவு முழுவதும் பெட்டி தூக்கிவிட்டு விடிய வந்து, தாய்க்கு ஆங்கிலம் படிப்பிக்கவில்லை என்று ஊரிலிருந்து போன அக்கா குறைசொல்வது எளிது. அவனுடைய களைப்பை நான் கண்டவள். ஆனால் நான் கேட்பவை காசு வேண்டாதவை. வீட்டுத் திறப்பில் ஒன்று தாயிடம் இருக்கட்டும். அவருடைய வங்கி அட்டை அவருடைய கைப்பையில் இருக்கட்டும். வைத்தியர் கேட்கும் கேள்வியைத் தமிழில் அவரிடம் திருப்பிக் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கட்டும். அவருடைய சிநேகிதிகள் யார் யார் என்று வீட்டில் ஒருவராவது அறிந்திருக்கட்டும்.

உங்களில் பலர் நாளை வெளிநாடு போவீர்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் யார்? பெற்றோரையும் அழைப்பீர்கள். அழைப்பதற்கான படிவத்தில் உங்கள் வருமானத்தைக் கேட்பார்கள். பகலில் அம்மா எங்கே இருப்பார் என்று அதில் கேட்கமாட்டார்கள்.

அம்மா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். எண்பதின் நடுப்பகுதி, முழங்கால் முன்னரிலும் மோசம். பேத்தி பல்கலைக்கழகம் போய்விட்டாள். அறை முழுவதும் அவருக்கே. புதன்கிழமைகளில் எங்களுக்கு இரவாகும் நேரத்தில் அந்தப் பழைய கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பார். பின்னால் வாகனங்களின் இரைச்சல் கேட்கும். சென்ற வாரமும் அழைத்தார். நான் மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று விசாரிக்கத் தொடங்கியதுதான் தாமதம், “பஸ் வருது பிள்ளை, பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டார்.